அழகாய்த்தான் இருக்கிறது, ஆனால்...

நம் ஊரில் பனி என்றால், மார்கழி விடியற்காலையில் வாசலில் கோலம் போடும்போது தலையில் ஈரமாக இறங்குமே, அதுதான். "தலையை மூடிக்கோடி, சளி பிடிக்கும்" என்பதோடு அதன் ஆபத்து முடிந்துவிடும். என் கணவரின் வேலை மாற்றலால் மணாலியில் நாலு வருஷம் குடித்தனம் நடத்தியபோதுதான் வேறொரு பனியைத் தெரிந்துகொண்டேன். அது குளிரால் மட்டும் அல்ல, எடையாலும் கொல்லும்.

2020-ல் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து லாஹூல் பள்ளத்தாக்குக்குச் சாலை வழியாகப் போகவே முடியாது. இப்போது சாலை திறந்திருந்தால், மணாலியில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மத்தியானத்துக்குள் சிஸ்ஸு கிராமத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் சாலையை விட்டு விலகி, சரிவில் ஏறிப் பார்க்கும் ஆசையும் கூடவே வருகிறதே!

ஒரு பிப்ரவரியில் என் அக்கா பெண், சிநேகிதிகள் நாலு பேரோடு வந்து இறங்கினாள். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. காற்று வேறு. மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில். "சித்தி, சிஸ்ஸுவுக்கு மேலே நடந்து போய்ட்டு வரோம். வானம் எவ்ளோ நல்லாயிருக்கு பாரேன்!" என்று பூட்ஸை மாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்காரம்மா லாஹூலில் பிறந்து வளர்ந்தவர். 'மாஜி' என்று கூப்பிடுவோம். "பனி கொட்டி நின்ற மறுநாள் வெயிலை நம்பக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் போக வேண்டாம் என்றேன். பெண்களின் முகம் சுருங்கிப் போயிற்று.

வாயால் சொன்னால் கேட்கிற வயசா? சப்பாத்திப் பலகையை எடுத்தேன். மைதாவைப் பரப்பி அழுத்தி, மேலே ஜீனியைத் தூவினேன். அதன் மேல் மறுபடி ஒரு விரற்கடை கனத்துக்கு மைதாவை அழுத்தினேன். பலகையை மெதுவாகச் சாய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மேல் மாவு விரிசல் விட்டு, பாளமாக வழுக்கி மேடையில் விழுந்தது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

மலையிலும் இதே கதைதான். முன்னால் விழுந்த பனி, கடுங்குளிரில் ஜீனி மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும். அதன் மேல் புதுப் பனி ஏறி உட்காரும். காற்று இன்னும் வாரிக்கொண்டுவந்து குவிக்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பாளம் பெயர்கிறது. பெயர்வதற்கு ஓர் ஆளின் எடை போதும். சிக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் சரிவைக் கிளப்பிவிடுவது அவர்களோ, கூட வந்தவர்களோதான். மேலே செங்குத்தான சரிவு இருந்தால், கீழே சமதரையில் நிற்பவருக்கும் ஆபத்துதான்.

காலடியில் 'வும்' என்று அமுங்கும் சத்தம், பனியில் ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் — இதில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு விலகிவிட வேண்டும்.

அன்று யாரும் போகவில்லை. அந்தச் சரிவும் விழவில்லை. "பாத்தியா சித்தி, ஒண்ணுமே ஆகலை. அநியாயமா ஒரு நாள் வீணாப் போச்சு!" என்றாள். "ஆகலைன்னா ஆகாதுன்னு அர்த்தமில்லைடி கண்ணு" என்றேன். சகோதரிகளே, இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றுவதே அதுதான். பத்து தடவை போய்ச் சௌக்கியமாகத் திரும்பியவர்களுக்குப் பத்து தடவையும் தாங்கள் செய்தது சரி என்றே தோன்றும். பனி மட்டும் கணக்கை எழுதிக்கொண்டே வரும்.

அனுபவசாலிகளையும் அது விடுவதில்லை. 2022 அக்டோபர் 4-ல், உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்று சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. அதே வருஷம் எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் போய்விட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குளிர்கால மலை நடைக்குக் கிளம்பினால், ஸ்வெட்டரோடு இதையும் கவனியுங்கள். ராணுவ ஆய்வுத் துறையின் டி.ஜி.ஆர்.இ. நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். புதைந்தவரைப் பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி தாண்டினால் கஷ்டம். வெளியிலிருந்து உதவி வந்து சேர அவகாசம் இருக்காது. அதனால் சிக்னல் தரும் கருவி, குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். உபயோகிக்கப் பழகியும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்லி அனுப்புங்கள். குழுவில் யாராவது ஒருத்தி "திரும்பிடலாமா?" என்று கேட்டால், கேலி செய்யாமல் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். அடுத்த வருஷமும் அங்கே பனி கொட்டத்தான் போகிறது.