யார் மூலமா?

கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திப் பெரியாளானவர்களின் கதைகளில் ஒரு வரி தவறாமல் வரும்: வெறுங்கையோடு தொடங்கினார். வெறுங்கை எப்படி இருக்கும்னு நம்ம சேரியில கேளுங்க, காட்டுவாங்க.

கன்வல் ரேக்கியை எடுத்துக்கொள்வோம். பிரிவினையில் இடம்பெயர்ந்த குடும்பம். கஷ்டம் தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. 1967இல் பம்பாய் ஐ.ஐ.டி. படிப்பை முடித்தார். அமெரிக்காவில் 1982இல் நண்பர்களோடு எக்ஸெலான் கம்பெனியைத் தொடங்கினார். 1989இல் அது நாவெல்லோடு இணைந்தது. பிறகு அடுத்தவர் தொழிலுக்குப் பணம் போடுகிறவரானார். பழையவர்கள் புதியவர்களுக்குக் கைகொடுக்கவென்று 1992இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பிறந்த 'டை' அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். உழைப்பு, திறமை எல்லாம் உண்டு. ஆனால் ஐ.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு வந்ததே 1973இல்தான். கூடப் படித்தவன், கூடத் தங்கியவன் என்று அந்தத் தலைமுறை அங்கே சேர்த்த உறவுதானே பின்னாளில் நம்பிக்கை, பங்கு, முதல் என்று பெருகியது? அந்தச் சொத்து எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

ஒதுக்கீட்டில் உள்ளே போனவனுக்கும் அந்த உறவு கிடைத்துவிடவில்லை. 2020இல் கலிபோர்னியா அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பதை, அங்கேயே படித்த அவருடைய மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார் என்பது புகார். சிஸ்கோ மறுத்தது. அதிகாரிகள் இருவர் மீதான வழக்கை 2023இல் அரசே விலக்கிக்கொண்டது.

எங்க தெருத் தம்பி ஒருத்தன் சாஃப்ட்வேர் எழுதி வச்சிக்கிட்டு முதல் தேடி அலையுறான். "எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்கக்கா. கடைசியில 'யார் மூலமா வந்தீங்க'ன்னு கேக்குறாங்க" என்றான். பஸ் ஏறித்தான் வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டானாம்.