இரவல் நிழல்

மாட்டுப்பட்டியில் மாலையானால் பனி இறங்கிவிடும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த எங்களுக்குத் திரையரங்கம் என்பது, திறந்த வெளியில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் துணியே. அங்கேதான், 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தை, அது பழைய படமாகிவிட்ட பிறகு, சிறுவனாக இருந்தபோது கண்டேன். பாட்டு ஒன்றுகூட இல்லையே என்று கூட்டத்தில் பலர் முணுமுணுத்தனர். முடிவில் அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். சிவாஜி இறந்துபோனதற்காக அழுகிறாள் என்றே எண்ணினேன்.

பிழைப்பு என்னை மலையிறக்கிக் கடல் கடக்கவும் வைத்தது. இங்கே பிறந்து வளர்ந்த என் மகன் ஒருநாள் கேட்டான்: “அப்பா, நம் துப்பறியும் படங்கள் எல்லாம் இரவல்தாமே?” அப்போது எனக்கு விடை தெரியவில்லை. அயல்நாட்டுக் குற்றப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

மேற்கு ஜெர்மனியின் கதை முதலில் கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தாளர் எட்கர் வாலஸின் நாவல் ஒன்றைத் தழுவி, தவளை முகமூடி அணிந்த கொள்ளைத் தலைவனைப் பற்றிய படத்தை 1959-இல் ஹரால்ட் ரைனல் இயக்கினார். அது வெற்றி பெறவே, 1972 வரை வாலஸ் படங்கள் முப்பதுக்கு மேல் வரிசையாக வந்தன. கதை நடப்பது லண்டனில். அந்த லண்டனின் பெரும்பகுதியோ ஜெர்மன் நகரங்களிலும் படப்பிடிப்புக் கூடங்களிலும் உருவானது. கதையும் இரவல், ஊரும் இரவல்!

அந்த முகமூடிக் கொலையாளி அடுத்து இத்தாலிக்குக் குடிபெயர்ந்தான். அந்நாட்டில் 1929 முதல் மஞ்சள் அட்டையுடன் வந்த துப்பறியும் நூல்களில் வாலஸும் உண்டு. அதனால் ‘மஞ்சள்’ எனப் பொருள்படும் ‘ஜாலோ’ என்ற சொல்லே இவ்வகைக் கதைகளுக்குப் பெயராயிற்று. மரியோ பாவா 1964-இல் ஆடை அலங்கார நிலையமொன்றில் நிகழும் கொலைகளைக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் படமாக்கியபோது, ஜெர்மானியரும் கூட்டுத் தயாரிப்பாளராயினர். டாரியோ ஆர்ஜெண்டோவின் 1970-ஆம் ஆண்டுப் படத்தை, ஜெர்மனியில் வாலஸின் மகனுடைய பெயரைச் சேர்த்தே விளம்பரம் செய்தனர்.

ஆயினும் இத்தாலியர் ஒன்றை மாற்றினர். ஜெர்மன் படங்களில் பெரும்பாலும் காவல்துறை அதிகாரி துப்புத் துலக்குவார். ஆர்ஜெண்டோவின் படத்திலோ, ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன் ஒருவன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு தாக்குதலைக் காண்கிறான். கண்ணால் கண்டும் பிழையாகப் பொருள் கொள்கிறான். உண்மை அவன் நினைவிலேயே இருக்கிறது. அது விளங்கக் காலம் ஆகிறது. வேற்றூரில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று.

வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் செய்ததும் இத்தகையதே. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலில் ‘அந்த நாள்’ பிறந்தது. ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகக் கூறும் உத்தி அங்கிருந்து வந்தது. ஆனால் களம், 1943-இல் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிய சென்னை. ‘ரஷோமோன்’ உண்மை எதுவென்று முடிவாகச் சொல்வதில்லை. ‘அந்த நாள்’ சொல்லிவிடுகிறது. நாட்டைப் பகைவனுக்கு விற்ற வானொலிப் பொறியாளன் ராஜன், தன்னை நேசித்த மனைவி உஷாவின் கைத்துப்பாக்கிக்கே இரையாகிறான். கணவனா, தேசமா என்று அவள் நின்ற இடம் நம் மண்ணுக்குரியது.

அண்மையில் மகனுடன் அமர்ந்து அப்படத்தை மீண்டும் பார்த்தேன். சிவாஜி முதற்காட்சியிலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார்! அப்படியானால் அம்மா இறுதியில் அழுதது யாருக்காக? பண்டரிபாய் ஏற்ற அந்த உஷாவுக்காக. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து பனியில் அமர்ந்திருந்தவள், நேசித்தவனின் தவற்றைக் கண்டு சகிக்க இயலாத ஒரு பெண்ணின் துயரத்தைப் புரிந்துகொண்டிருந்தாள். அருகிலிருந்த நான் பிழையாகப் பொருள் கொண்டேன். அவளிடம் கேட்க இன்று வழியில்லை.

மகனுக்கு இப்போது விடை சொல்ல முடிந்தது: “நிழல் இரவலாக இருக்கலாம், தம்பி. உன் பாட்டியின் கண்ணீர் இரவல் அன்று.”