சாக்பீஸ் தடவிய எண்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்துக்குள் பெரியப்பாவின் பட்டறை இருந்தது. பத்துக்குப் பத்தடி இடம். கபாலி கோயில் மணி காதில் விழும் தூரம். சந்து முனையில் திரும்பும்போதே மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த அந்த வாசனை வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். பம்புசெட், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், கொசுப்புகை அடிக்கும் மெஷின் என்று அவரிடம் வந்ததெல்லாம் சின்ன எஞ்சின்கள்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அவருடைய கையாள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், கழற்றின நட்டுகளைத் தகர மூடியில் வரிசை மாறாமல் அடுக்குவேன், டீ வாங்கி வருவேன்.

1994, அக்னி நட்சத்திரம். எனக்குப் பத்து வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போட் கிளப் பக்கம் ஒரு பங்களாவிலிருந்து ஆள் வந்தது. புல் வெட்டுகிற வண்டி ஒன்று நின்றுவிட்டதாம், எஞ்சினையே மாற்ற வேண்டுமாம். டிவிஎஸ் 50-இன் பின்னால் கருவிப் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மந்தைவெளி தாண்டியதும் மரங்கள் கூடிக்கொண்டே போய், வெயில் எங்கேயோ ஒளிந்துகொண்டது.

புல் வெட்டும் மெஷின் என்றால் தோட்டக்காரர் தள்ளிக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ குட்டி டிராக்டர் மாதிரி இருந்தது. நான்கு சக்கரம், ஸ்டியரிங், உட்கார சீட்டு, வயிற்றுக்கடியில் பிளேடு. முன்பு குடியிருந்த வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதாம்.

"புதுப்பேட்டையில பம்புசெட்டு எஞ்சின் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேண்ணே. வில்லியர்ஸ். நல்ல கண்டிஷன். அதைத் தூக்கி இதுல வெச்சிடலாம்" என்றார் தோட்டக்காரர்.

திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் உரிமம் வாங்கிச் செய்த எஞ்சின் வில்லியர்ஸ். பெரியப்பாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஆனாலும் அவர் தலையாட்டவில்லை.

"மொதல்ல இது யாருன்னு பாப்போம். பேர் தெரியாம கை வெக்கக்கூடாது."

பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கினார். பிளேடு இருக்கிற வண்டியில் கை வைப்பதற்கு முன் முதல் வேலை அதுதான். பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல்மூடித் தகரத்தைத் துணியால் துடைத்தார். பத்து வருஷத்துப் புல்தூசி. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, காய்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துப் படுக்கப் போட்டுத் தடவினார். மேலே ஒட்டின மாவைக் கட்டைவிரலால் வழித்ததும், பள்ளத்தில் தங்கின வெள்ளையில் எண்கள் எழுந்து வந்தன. இருட்டில் ஒரு முகம் தெரிவது மாதிரி.

252707. அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண். கடைசியில் 84041712.

தரையில் குந்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு இலக்கம், 25, எஞ்சினின் கொள்ளளவு. கன அங்குலக் கணக்கு. நம்ம கணக்கில் ஏறத்தாழ 400 சிசி. "அப்ப புல்லட்டைவிடப் பெருசா பெரியப்பா?" என்றேன். "பெருசுதான். ஆனா ஓடுறதுக்கு இல்ல, உழைக்கிறதுக்கு." அடுத்த 2, வடிவமைப்பு வரிசை. அதற்கடுத்த 7-ஐ விரலால் இரண்டு தரம் தட்டினார். கிராங்க் ஷாஃப்ட் நின்ற வாக்கில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கடைசி 7, பேட்டரி ஸ்டார்ட்டும் அந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தே இருக்கிறது என்பதற்கு.

"கடைசி வரி அதோட ஜாதகம். நீயே படி."

84 வருஷம். 04 மாதம். 17 தேதி. நான் ஏப்ரல் 8-இல் பிறந்தவன். என்னைவிட ஒன்பது நாள் இளையது! அமெரிக்காவின் மில்வாக்கி ஊரில் பிரிக்ஸ், ஸ்ட்ராட்டன் என்ற இருவர் 1908-இல் தொடங்கின கம்பெனியின் எஞ்சின் என்றார். அன்று ராத்திரி அட்லஸில் தேடினேன். மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்தது அந்த ஊர்.

"வில்லியர்ஸ் ஏன் ஆகாது தெரியுமா?" என்று தோட்டக்காரரைக் கேட்டார். அதன் ஷாஃப்ட் படுத்த வாக்கில் பக்கவாட்டில் வருவது. இந்த வண்டியிலோ ஷாஃப்ட் கீழ்நோக்கி இறங்கி, அடியில் இருக்கும் புல்லியைச் சுற்றி, பெல்ட் வழியாகப் பிளேடையும் சக்கரத்தையும் ஓட்ட வேண்டும். "சரி, சாய்ச்சு வெச்சிடலாமே" என்றார் அவர். பெரியப்பா பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது. "ஆயிலும் இப்படித்தான் ஒதுங்கும். காஞ்சு போன பக்கம் எரிஞ்சு போயிடும்."

பிறகு நோய் பார்க்கும் வேலை. பிளக்கைக் கழற்றித் திரும்ப வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி வந்தது. கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கவில்லை, ஜெட் அடைக்கவில்லை. காற்று அழுத்தம் எப்படி? விரலை வைத்துப் பார்த்தால் இந்த எஞ்சின் ஏமாற்றிவிடும், ஸ்டார்ட் செய்கையில் அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும் அமைப்பு இதன் வால்வில் உண்டு என்றார். பிளக்கைத் திரும்பப் பூட்டி, வயரை மாட்டாமல், ஃப்ளைவீலை எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று சுழற்றினார். அது பந்து மாதிரி துள்ளித் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "உயிர் இருக்குடா. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

எல்லாம் இருந்தும், ஸ்டார்ட் செய்தால் கார்பரேட்டர் வழியாகப் 'பட்' என்று வெடித்து அடங்கியது. ஃப்ளைவீல் நட்டில் ஸ்பானரைப் போட்டபோது அது அதிக எதிர்ப்பில்லாமல் இளகியது. பெரியப்பா நாக்கைச் சப்புக்கொட்டினார். யாரோ முன்னால் கழற்றியவர் இறுக்கமாக முறுக்காமல் விட்டிருக்கிறார். புல்லர் போட்டு ஃப்ளைவீலைத் தூக்கினார். உள்ளே என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாஃப்டில் ஒரு பள்ளம், வீலில் ஒரு பள்ளம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீ, சுண்டுவிரல் நகமளவு உலோகத் துண்டு, நடுவில் வெட்டுப்பட்டுப் படிக்கட்டு மாதிரி விலகி நின்றது. அந்தச் சின்ன விலகலில் ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் தப்பிவிட்டது. பொறி வருகிறது, வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

"இரும்புல ஒரு கீ போட்டா ஜென்மத்துக்கும் உடையாதே" என்றார் தோட்டக்காரர்.

"உடையணும்னுதான் அதை மெதுவான உலோகத்துல செஞ்சிருக்கான். வீலைப் பிடிச்சு வெக்கிறது நட்டோட இறுக்கம். கீ வெறும் இடத்தைக் காட்டறதுக்கு. இரும்பு போட்டா நாளைக்கு ஷாஃப்டே பிளந்துக்கும்."

தள்ளிக்கொண்டு போகிற மெஷினில் பிளேடு நேரே ஷாஃப்டில் இருப்பதால் கல்லில் அடித்தால் முதலில் போவது இந்தக் கீதான் என்றும் சொன்னார். அலுமினியத் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரத்தால் ராவினார். ராவுவது, பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது, மறுபடி ராவுவது. ஒரு மணி நேரம். கடைசியில் கட்டைவிரல் அழுத்தத்திலேயே அது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வீலைப் பூட்டி, நீளப் பிடி போட்டு நட்டை முறுக்கினார். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தார். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அறுபட்ட அருகம்புல்லின் பச்சை வாசனை அந்த வெயிலில் எழுந்தது.

நான்கு வருஷம் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை நிஜமாகவே முடிந்துவிட்டது. ஆயில் குச்சியை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வற்றிப்போன எஞ்சினில் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சின் உடம்பையே துளைத்திருந்தது. பெரியப்பா ஷாஃப்டின் குறுக்களவை அளந்தார், ஒரு அங்குலம். நீளம், கீ பள்ளம், நான்கு போல்ட் துளைகளின் தூரம், சைலன்சர் திரும்பும் பக்கம், வயர்கள் எல்லாவற்றையும் என்னை நோட்டில் எழுதச் சொன்னார். அந்த நோட்டோடு மூன்று சனிக்கிழமை புதுப்பேட்டையில் அலைந்தோம். விபத்தில் நசுங்கிய ஓர் இறக்குமதி வண்டியிலிருந்து கழற்றின எஞ்சின் ஒரு கடையின் பின்கட்டில் கிடந்தது. மூடியெல்லாம் கறுப்பு எண்ணெய்.

பெரியப்பா குனியவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார்.

286707 என்று வெள்ளையாக எழுந்தது. நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 28 கன அங்குலம். ஷாஃப்ட் நின்ற வாக்கு. பேட்டரி ஸ்டார்ட், ஆல்டர்னேட்டரோடு. "அப்ப விலை பேசலாம்" என்றார்.

பழைய எஞ்சினைப் பிரித்தபோது அவர் ராவின அலுமினியக் கீ ஒரு கீறலில்லாமல் வந்தது. துடைத்து என்னிடம் கொடுத்தார். பள்ளி முடியும்வரை அது என் ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில், ஒரு சாக்பீஸ் துண்டோடு கிடந்தது. பெட்டி எங்கேயோ போய்விட்டது. அவை இரண்டும் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கின்றன.