மாமியின் சப்பாத்து

கல்யாண சீசன் தொடங்கிவிட்டது. ராத்தாமார், தங்கச்சிமார் எல்லாரும் செருப்புக் கடைக்குப் போகிற நேரம். வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

என் மாமிக்கு வயது 64. சீனி வந்து 18 வருஷம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கூர் மூக்கு வைத்த செருப்பொன்று வாங்கிப் போட்டார். கல் வைத்தது, விலையும் மலிவு. வலிமாவும் முடிந்து ஐந்து நாளுக்குப் பிறகு, படுக்கை விரிப்பில் ஈரக் கறையைக் கண்டது என் மகள்தான். சின்ன விரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகி இருந்தது. வுழூவுக்காக ஒரு நாளைக்கு ஐந்து தரம் கழுவுகிற கால்தான். ஆனால் மாமிக்குக் கண் மங்கல், காலிலோ நோவே தெரியவில்லை. சீனி நாட்பட்டால் கால் நரம்பு மரத்துப் போகும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த முறை மாமியின் பேத்திக்குக் கல்யாணம். “வீட்டுச் செருப்போட ஹோலுக்கு வரமாட்டேன்” என்று மாமி ஒரே பிடி. எனக்கு அதில் கோபமே வரவில்லை. வயது போனால் கறுப்பு றப்பர் செருப்புதான் போட வேண்டும் என்று யார் சொன்னது?

முதல் நாள் பின்னேரம் மாமியை மட்டையில் நிற்க வைத்து இரண்டு காலையும் பென்சிலால் வரைந்து வெட்டினேன். பின்னேரம் என்றது காரணத்தோடுதான், காலையை விட அப்போது கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். நிற்க வைத்ததும் அப்படித்தான், பாரம் விழுந்தால் பாதம் விரியும். வெட்டிப் பார்த்தால் இடது கால் பெரிது.

புறக்கோட்டையில், சம்மாங்கோட்டுப் பள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்று தட்டுக் கடை ஒன்று. எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் புது டிசைன் எல்லாம் கிடைக்கும். நான் பையிலிருந்து மட்டைக் கால்களை எடுத்ததும் அங்கிருந்த தம்பி சிரித்துவிட்டார். “மிஸ், பாடம் நடத்தப் போறீங்களா?”

முதலில் மாமி எடுத்தது திரும்பவும் கூர் மூக்குதான். போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாப் பிடிக்குது மகள், இதுதான் சைஸ்” என்றார். இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். மரத்துப் போன காலுக்கு இறுக்கினால்தான் செருப்புப் போட்ட உணர்வே வரும். சரியான அளவு போட்டால் “கழன்று விழுது” என்பார்கள். அதனால் அவர்களிடம் “எப்படி இருக்கு” என்று கேட்டு வாங்கவே கூடாது.

மட்டையைச் செருப்புக்குள் வைத்தேன். சின்ன விரல் பக்கம் மடிந்தது. 38 போய் 39 பார்த்தோம், நீளம் கூடியும் அந்தப் பக்கம் அப்படியேதான் மடிந்தது. பெட்டியில் இருக்கிற நம்பர் நீளத்தைத்தான் சொல்கிறது, அகலத்தைப் பற்றி ஒன்றுமில்லை. பத்துப் பெட்டி இறக்கிய பிறகு மாமிக்கு வெட்கம் வந்துவிட்டது. “அந்தப் புள்ளைக்குக் கரைச்சல், ஏதாச்சும் ஒன்றை எடுப்போம்” என்று என் ஹபாயாவை இழுக்கிறார். நம் பெண்களில் எத்தனை பேர் இந்த வெட்கத்துக்காகவே கால் கடிக்கிற செருப்போடு வீட்டுக்கு வருகிறோம்! நான் அசையவில்லை. தம்பியும் நல்ல பிள்ளை, தானே மட்டையை வாங்கி வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் கிடைத்தது அகல மூக்கு, மூடிய முன்பக்கம், பின்பட்டி, தட்டைச் சோல், மேலே பெரிய தங்க நிற பக்கிள். மட்டைக்கு முன்னால் அரை அங்குலம் இடம் மிச்சம். உள்ளே கைவிட்டுத் தையல் முடிச்சு, ஆணி முனை ஏதாவது இருக்கிறதா என்று தடவினேன். 3,250 ரூபாய்.

இன்னொன்று. கல்யாணத்துக்கென்று வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்குச் சில வகைச் சோல் போடாமல் வைத்தாலே உதிர்ந்துவிடும். ஹோல் வாசலில் கேக் தூள் மாதிரி சோலைக் கொட்டிக்கொண்டு போனவர்களை நானே கண்டிருக்கிறேன்.

மாமி இப்போது தினமும் அரை மணித்தியாலம் வீட்டுக்குள் அதைப் போட்டு நடக்கிறார். கழற்றியதும் மகள் டோர்ச் அடித்து விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறாள். இதுவரை எங்கும் சிவக்கவில்லை. பக்கிள்தான் கொஞ்சம் பெரிசு என்கிறாள் மகள். மாமிக்கு அதுதான் பிடித்திருக்கிறது.