எலிக்குச் சரியாச்சு... பாப்பாவுக்கு?

க்ளாஸ்ல எல்லாரும் க்ளோனிங், ஸ்டெம் செல்னு செமினார் தலைப்பை அள்ளிக்கிட்டுப் போக, நான் கேட்டு வாங்கினது ஒரு சுண்டெலி ஜீன். பேரு மெக்-பி-2. ‘‘பாத்துடீ, பூனை தூக்கிட்டுப் போயிடப் போகுது’’ன்னு ஒரே கலாய்ப்பு!

காரணம், ஆரணியில எங்க பக்கத்து வீட்டுப் பாப்பா. ஒன்றரை வயசு வரைக்கும் மழலை பேசிக்கிட்டு, தார்க்குச்சியை எல்லாம் உருட்டி விளையாடினவ. அப்புறம் பேச்சு நின்னுடுச்சு. இப்போ ஆறு வயசு. ஈரத்துணி பிழியற மாதிரி நாள் பூரா ரெண்டு கையையும் பிசைஞ்சுக்கிட்டே இருப்பா. ‘ரெட் சிண்ட்ரோம்’னு டாக்டர் சீட்டுல எழுதினது போன வருஷம்தான்.

இதுக்குக் காரணம் மெக்-பி-2 ஜீன்ல வர்ற பிழைன்னு 1999-ல் அமெரிக்காவில் ஹூடா சோக்பி குழு கண்டுபிடிச்சது. எலிக்கும் சரி, நமக்கும் சரி, இது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. நாலே எக்ஸான். அதை ரெண்டு விதமா கோத்து ரெண்டு வடிவத்துல புரதம் தயாராகுது. மூளையோட நரம்பு செல்கள்ல ரொம்ப அதிகம். செல்லின் உட்கருவுக்குள்ள, மெத்தில் குறி விழுந்த டி.என்.ஏ. மேல உட்கார்ந்து, மத்த ஜீன்களை அடக்கி வாசிக்க வைக்கும்.

இதை மாமாவுக்கு எப்படிச் சொல்றது? ஜக்கார்டு பெட்டியைக் காட்டினேன். ‘‘அட்டையில ஓட்டை இல்லாத இடத்துல என்ன ஆகும் மாமா?’’

‘‘ஊசியைத் தள்ளிடும். கொக்கி தூக்காது. பாவு இழை கீழேயே கிடக்கும்.’’

‘‘அந்த வேலையைத்தான் இந்தப் புரதம் செய்யுது.’’

‘‘அப்போ பாப்பாவுக்கு, தூக்கக்கூடாத இழையெல்லாம் தூக்குதா?’’ன்னார். எனக்கு இது புரிய மூணு வாரம் ஆச்சு!

2007-ல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழு, எலியோட இந்த ஜீனுக்குள்ள முன்கூட்டியே ஒரு தடையைச் செருகி வெச்சாங்க. எலிகள் வளர்ந்து, நடக்க முடியாம, நடுங்கி, மூச்சுக்குத் திணறின பிறகு டமாக்ஸிஃபென் மருந்து கொடுத்துத் தடையை எடுத்தாங்க. பல எலிகள் தேறிடுச்சு. நரம்பு செல்கள் சாகலை!

மாமா நாடாவைக் கீழ வெச்சார். ‘‘அப்போ பாப்பாவுக்கும்...?’’

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பொய் சொல்ல வாய் வரலை. ‘‘இல்ல மாமா. எலிக்கு வெச்சவங்களே எடுத்தாங்க. பாப்பாவுக்கு ஜீனோட எழுத்துலயே பிழை. நல்ல ஜீனை உள்ள அனுப்பலாம்னா, அந்தப் புரதம் அளவு கூடினாலும் வேற நோய் வந்துடும். 2023-ல் ட்ரோஃபினடைட்னு ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தாங்க. அதுவும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.’’

ரொம்ப நேரம் பேசலை. பிறகு, ‘‘செல்லு சாகலைன்னியே... மனுஷங்களுக்குமா?’’

‘‘ஆமா மாமா. இந்த நோய்ல அது சாகறதில்லை.’’

‘‘வேலூர் கூட்டிட்டுப் போற பயிற்சியை நிறுத்திடலாம்னு இருந்தேம்மா. பஸ்ஸு காசு, ஒருநாள் தறி வேலை வேற போகுது...’’ன்னவர், உள்ளே திரும்பி அத்தையைக் கூப்பிட்டார். ‘‘ஏய், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?’’