இரண்டு பாட்டுகளுக்கு நடுவே

நுழையும்முன்

திருமணம், காதணி விழா, கோவில் கொடை என எதுவாயினும், ஒலிபெருக்கி கட்டிய பிறகே விழா தொடங்கியதாகக் கருதும் வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. அக்கருவியை இயக்கியோரின் தொழிலையும், இன்றைய இளைஞரை ஈர்க்கும் டி.ஜே. கலையையும் ஒரு தந்தை, மகன் வழியே காட்டுகிறது இக்கட்டுரை.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். பேருந்தில் இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை உடன் வரும். ஆண்டாள் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம் தென்பட்டதும் இறங்க ஆயத்தமாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பேருந்தில் இளைஞன் ஒருவன் சில வாரங்களாகச் சென்று வந்தான். அவன் சென்றது கோவிலுக்கன்று. ஒலி, ஒளி அமைப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர், தம் கடையின் மாடியறையில் தொடக்கநிலையினருக்கு டி.ஜே. பயிற்சி அளித்து வந்தார். அதில் அவன் சேர்ந்திருந்தான். "மிக்சர் கத்துக்கப் போறேம்மா" என்று அவன் சொன்னபோது, பலகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்றே அம்மா எண்ணிக்கொண்டார்.

தந்தை எதுவும் கேட்கவில்லை. அவர் இளமையில் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவர். தொழில் நலிந்தபின் பஞ்சாலை வேலைக்குப் போனவர். கூம்பு வடிவக் குழாய்களுக்கு அருகிலேயே பல்லாண்டுகள் நின்றதால் இடக்காது ஏறத்தாழ அடைத்துப் போயிருந்தது. வலக்காதைத் திருப்பித்தான் பேச்சைக் கேட்பார். அவருடைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. பழைய தட்டுகளைத் தேடி வாங்குவோர் இப்போது பெருகியிருப்பதால், அதை விற்றுப் புதிய கருவி வாங்கிவிடலாம் என்பது மகனின் கணக்கு. "உன் இஷ்டம்ய்யா" என்று மட்டும் தந்தை சொன்னார். வாங்குபவரும் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

முதல் வகுப்பிலேயே பொத்தான்களைத் தொடலாம் என அவன் எதிர்பார்த்திருந்தான். பயிற்றுநரோ முதலில் காதைப் பற்றிப் பேசினார். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பது பாதுகாப்பின் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலை எட்டினால் எஞ்சுவது 15 நிமிடம். வெட்டவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதியையும் சொன்னார். இளைஞனுக்கு விதி நினைவில் நிற்கவில்லை. அந்த 15 நிமிடம் நின்றது. திருவிழா இரவுகளில் குழாயடியில் நின்ற தந்தையின் மணிக்கணக்கை அவன் மனம் கூட்டிப் பார்த்தது.

பிறகு எண்ணச் சொன்னார். நான்கு தட்டுகள் ஓர் அளவு. எட்டு அளவுகள் சேர்ந்தால் ஒரு பத்தி. நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட பாட்டில் 32 தட்டுகள் அடங்கிய பத்தி 16 வினாடிகளில் முடியும். பெரும்பாலும் அவ்விடத்தில்தான் பாட்டில் ஏதேனும் மாறும். குரல் நுழையும் அல்லது தாளக்கருவி ஓயும். அடுத்த பாட்டை அங்குதான் நுழைக்க வேண்டும். பேசுபவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்துப் பேசத் தொடங்கும் நாகரிகம் போன்றது இது.

இரு பாட்டுகளின் வேகமும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று 120, மற்றொன்று 121 என்றால், ஒன்றாகத் தொடங்கினாலும் அரை நிமிடத்தில் அரைத் தட்டு விலகிவிடும். இருவர் மாறிமாறி உலக்கை போடுவது போன்ற ஓசை எழும். நெல் குத்துவதற்கு அது அழகு. ஆட்டத்திற்கோ கால் பிசகும். சுழல்தட்டின் பக்கத்திலுள்ள நழுவுவிசையை நகர்த்தி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் இசைத்தட்டில் வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் பாட்டின் சுருதியும் ஏறத்தாழ ஒரு சுரத்தானம் ஏறிவிடும். இன்றைய கணினி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றித் தரும். தாளங்களைக் கோடுகளாகத் திரையில் காட்டவும் செய்யும். பயிற்றுநர் அத்திரையின்மீது நாளிதழ்த் தாளொன்றை ஒட்டி மறைத்திருந்தார். ஒரு காதில் கூட்டம் கேட்கும் பாட்டு. ஹெட்போன் வைத்த மறுகாதில் கூட்டம் இன்னும் கேட்காத பாட்டு. இரண்டையும் ஒருங்கே கேட்பதற்கு அவனுக்கு மூன்று வாரங்கள் ஆயின.

இக்கலை பிறந்த கதையையும் அங்குதான் அவன் கேட்டான். டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கமே டி.ஜே.; இசைத்தட்டைக் குதிரையாக்கி ஓட்டுபவர் என்பது அதன் பொருள். வானொலியில் தட்டுகளைப் போட்டவர்களுக்கு இட்ட பெயர் அது. அதைத் தனிக்கலையாக வளர்த்தவர்களோ ஏழை இளைஞர்கள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவிலுள்ள 1520ஆம் எண் குடியிருப்பில், 1973 ஆகஸ்டு 11 அன்று சிண்டி கேம்பல் என்னும் பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும்முன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பது அவர் நோக்கம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், 18 வயது கிளைவ் கேம்பல். கூல் ஹெர்க் எனப் பின்னர் அறியப்பட்டவர். அக்குடும்பம் ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்தது. அத்தீவிலும் நம் ஊர்களைப் போலவே பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்திப் பாட்டுப் போடும் வழக்கம் உண்டு. பாடல் நின்று முரசு மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருந்ததை அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழல்தட்டுகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றதில் தொடங்கி, வினாடிகளை நிமிடங்களாக நீட்டினார். போட்டியாளர் அறியாதபடி தட்டுகளின் பெயர்ச்சீட்டை நீரில் ஊறவைத்து உரித்துவிடுவதும் அவர் வழக்கம்.

அவர் ஒலிக்கவிட்ட கருவி, தந்தை ஓர் இசைக்குழுவுக்காக வாங்கி வைத்திருந்தது என்பதைக் கேட்டபோது இளைஞன் தலைகுனிந்து ஹெட்போன் வடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். விற்பதற்கு முன் எண்ணிப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். இத்தட்டுகளின் பெயர்ச்சீட்டுகள் உரிக்கப்படவில்லை. மாறாக, ஒவ்வோர் உறையின் மூலையிலும் பென்சிலால் ஏதோ எழுதப்பட்டிருந்தது. விடியல். பெண் அழைப்பு. பந்தி. மொய். ஆட்டம். ஓர் உறையில் இருந்தது அவனுக்கு விளங்கவில்லை: மேலத்தெருவில் வேண்டாம்.

தந்தையிடம் காட்டினான். அவர் உறையைக் கண்ணருகே கொண்டு சென்று பார்த்தார். மேலத்தெருவில் ஒரு பெண்ணின் திருமணத்தில், அவள் கேட்டுப் போட்ட பாட்டு அது. ஆண்டு திரும்புவதற்குள் பேறுகாலத்தில் அவள் இறந்துவிட்டாள். பிறிதொரு விழாவில், அறியாமல் அதே பாட்டைப் போட்டபோது, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அவள் தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாராம். "அதுக்கப்புறம் அந்தத் தெருவுல அதைப் போடலைய்யா. ரெண்டு மூணு பேரு வந்து கேட்டாக. ஊசி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

தந்தையிடம் இருந்தது ஒற்றைச் சுழல்தட்டு. பாட்டு முடிந்து, ஊசியை எடுத்து, தட்டை மாற்றி, மீண்டும் ஊசி வைக்கும்வரை ஊரே அமைதியில் இருக்கும். அந்த அமைதியில் அவர் பந்தலைப் பார்ப்பார். யார் வந்திருக்கிறார்கள், எவர் முகம் வாடியிருக்கிறது, பந்தி எந்த நிலையில் இருக்கிறது எனப் பார்ப்பார். இரண்டு கருவிகளும் கணினியும் கொண்டவன் அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அப்பெட்டியிலுள்ள பாட்டுகள் சிலவற்றின் பதிவுகளைக் கணினியில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுசென்றான். கணினி திணறியது. இன்றைய பாட்டுகள் மாறாத கடிகாரத் துடிப்பை வைத்துப் பதிவாகின்றன. பழைய திரைப்பாட்டுகளிலோ வாத்தியக் குழுவே ஒன்றாக அமர்ந்து வாசித்தது. உணர்ச்சி ஏறும் இடத்தில் தாளமும் சற்று விரையும், பல்லவிக்குத் திரும்புகையில் தளரும். கோடுகள் அதற்குப் பொருந்தவில்லை. கும்மி நடையிலமைந்த பாட்டுகள் மும்மூன்றாக நடந்தன. புதிய பாட்டுகள் நந்நான்காக நடந்தன. விரலை நழுவுவிசையிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு வினாடியும் கேட்டுக்கேட்டே ஓட்ட வேண்டியிருந்தது. பயிற்றுநர் ஒட்டிய நாளிதழ்த் தாளுக்கு அன்று தேவையே ஏற்படவில்லை.

பெட்டியை விலை பேச வருவதாகச் சொன்னவரிடம், பிறகு அழைப்பதாகச் சொல்லிவிட்டான். வாடகைக்குப் பெற்ற சிறு கருவியை ஒரு ஞாயிறு மாலை வீட்டுக் கூடத்தில் வைத்து, ஐந்து பாட்டுகளை இடைவெளியின்றி இணைத்துக் காட்டினான். ஒலியைக் குறைவாகவே வைத்திருந்தான். தந்தை நாற்காலியை நகர்த்தி, வலக்காதைக் கருவியின் பக்கம் திருப்பி அமர்ந்தார். அவருடைய சுட்டுவிரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு நுழைந்தபோது ஒருமுறை நின்று, பின் தொடர்ந்தது. முடிந்ததும் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"தாளம் பிசகலைய்யா. ஆனா பந்தியில இன்னும் சனம் உக்காந்திருக்கு. அதுக்குள்ள ஆட்டத்துக்குப் போயிட்டியே."

கூடத்தில் பந்தி இல்லை. அம்மா மட்டும் சுவரோரம் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களா இருந்தா மூணாவதா எதைப்பா போட்டிருப்பீங்க?"

தந்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தம் பக்கம் இழுத்து, உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.