உழைப்பு உள்ளே! உடல் வெளியே!

விண்ணிலே பறக்கிறது கப்பல். விரல் அசைத்தால் திறக்கிறது கதவு. வினாத் தொடுத்தால் விடை தருகிறது எந்திரம். கடலூரிலும் சிதம்பரத்திலும் கொட்டகைகளில் தோழர்களுடன் அமர்ந்து, விஞ்ஞானப் படங்களை வியந்து பார்த்தவர்கள்தாம் நாம். வியப்பது தவறன்று, வியந்தபின் வினவாதிருப்பதே தவறு. இருநூறு ஆண்டுக்குப் பிந்திய உலகைக் காட்டுகிறார்களே, அங்கே ஆணையிடுபவன் யார்? அழுக்கைச் சுமப்பவன் யார்?

1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சும் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் கூடி எடுத்த படம் 'காடு'. அழிந்துபோன மாமூத் யானைகள் நம் நாட்டுக் காட்டில் திரிவதாகக் கதை. அதில் ராமா சிங் என்னும் இந்தியராக நடித்தவர், கியூபா வழிவந்த அமெரிக்கர் சீசர் ரொமேரோ! 'ஸ்டார் டிரெக்' தொடரில் 1967இலும், திரைப்படத்தில் 1982இலும் கான் நூனியன் சிங் என்ற பாத்திரத்தை ஏற்றவர், மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மாண்டல்பான். 2013இல் அதே கானாக வந்தவரோ ஆங்கிலேயர்! கியூபா என்ன, மெக்சிகோ என்ன, இந்தியா என்ன? வெள்ளையரல்லாதார் அனைவரும் ஆலிவுட்டுக்கு ஒரே முகம். அந்த முகத்தையும் வேண்டும்போது வெள்ளையரே அணிந்துகொள்வர்!

லத்தீனோ என்றழைக்கப்படும் அம்மக்களே கதை சொல்ல வந்தபோது என்ன நிகழ்ந்தது? பெரு நாட்டவரின் மகனான அலெக்ஸ் ரிவேரா 2008இல் 'ஸ்லீப் டீலர்' என்ற படத்தைத் தந்தார். அதில் எல்லை மூடப்பட்டுவிடுகிறது. மெக்சிகோ இளைஞன் டிஹுவானா நகரில், உடலில் கம்பிகளைப் பொருத்திக்கொண்டு நிற்கிறான். அவன் கையசைக்க, அமெரிக்காவிலே எந்திரம் கட்டடம் எழுப்புகிறது. அவன் உழைப்பு எல்லையைக் கடக்கிறது. அவன் கடக்கக் கூடாது! இப்படத்தைச் சிதம்பரத்தில், சிறு அறையொன்றில், மடிக்கணினியில் பார்த்தோம். முடிந்த பின்னும் ஒரு தோழர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. அவருடைய அண்ணன் வளைகுடா நாட்டில் கட்டட வேலை செய்பவர்.

உழைப்பு உள்ளே, உடல் வெளியே! எந்திரம் கண்ட புதுமையா இது? இல்லை தோழர்களே, சிதம்பரம் கண்ட பழமை! நந்தன் கதையை நினைத்துப் பாருங்கள். முரசுக்குத் தோல் தந்தான். யாழுக்கு நரம்பு தந்தான். அவன் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. தந்தவன் வெளியே நின்றான். நெருப்பில் மூழ்கி, பூணூல் பூண்ட முனிவனாய் எழுந்த பின்னரே அவனை உள்ளே விடுகிறது புராணம். அதே ஊரில் 1916இல் நந்தன் பெயரால் கல்விக் கழகம் கண்டார் சகசானந்தர். நெருப்பைக் காட்டவில்லை அவர், நெடுங்கணக்கைக் காட்டினார்!

நம் திரையுலகும் 2010இல் 'எந்திரன்' கண்டது. அந்த எந்திரம் ஆடிற்று, பாடிற்று, போரிட்டது. ஆனால், கொட்டகைக்கு வெளியே சாக்கடைக் குழிக்குள் இறங்கியவன் மனிதன்! கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் மற்றொரு சட்டம். அப்படியும் சாவு நிற்கவில்லை. 2023இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த நேர்ந்தது. எந்திரம் இல்லையா? இருக்கிறது! கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' 2018இலேயே திருவனந்தபுரத்தில் சாக்கடை தூர்வாரிற்று. இல்லாதது அறிவன்று, மனம்! குழியில் இறங்கவென்றே ஒரு சாதி இருக்கும்போது எந்திரத்துக்கு ஏன் செலவு என்று எண்ணும் மனம்!

விஞ்ஞானம் தானாக விடுதலை தராது. அதை யார் கையில் கொடுக்கிறோம், யாருடைய சுமையை இறக்கக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது விடுதலை. இளைஞர்களே! படம் பாருங்கள், கைதட்டுங்கள். வீடு திரும்பும் வழியில், உங்கள் தெருச் சாக்கடையில் நாளை இறங்கப்போவது எந்திரமா, மனிதனா என்று நகராட்சியைக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!